மிஸ்ஸி (தாதி) வேலைக்கு அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவுகள் வந்ததும் நம்மவர் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழும். "புள்ளிகள் சுமார்தான், மிஸ்ஸி வேலைக்குப் படிக்கட்டும், அதற்கு எப்போதும் ஆள் தேவை" என்பது ஒன்று. "பெட்பான் தூக்கவா பெண்ணைப் பெற்றோம்?" என்பது மற்றொன்று. வேலை என்னவென்று தெரியாமல் ஒரு வீட்டில் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறார்கள். அதே காரணத்தால் இன்னொரு வீட்டில் தடுத்துவிடுகிறார்கள். தாதிமைப் பயிற்சியோடு தொடர்புள்ளவன் என்ற முறையில், பெற்றோரும் மாணவர்களும் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவசரப் பிரிவிலும் அறுவைக் கூடத்திலும் ஆண் தாதியர் இன்று வழக்கமாகிவிட்டார்கள்.

வார்டில் டாக்டர் காலையில் சுற்று வருவார், உத்தரவு எழுதுவார், அடுத்த வார்டுக்குப் போவார். இருபத்து நான்கு மணி நேரமும் கட்டில் பக்கத்தில் இருப்பது தாதிதான். நோயாளியின் நிலை கீழே இறங்கும்போது அதன் முதல் அறிகுறியை அவர் பார்க்க வேண்டும், அல்லது யாருமே பார்க்க மாட்டார்கள். இந்த வேலையின் பெருமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அதன் துன்பம் என்று நான் கருதுவது, அப்படிப் பார்க்கத் தேவையான நேரம் தாதியின் கையிலிருந்து பிடுங்கப்படுவதை.

டெங்கியை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் வீட்டார் கேட்பது ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்வளவு?" பப்பாளி இலைச் சாறும் கையோடு வரும். அனுபவமுள்ள தாதியின் கண் வேறு இடத்தில் இருக்கும். டெங்கியில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தை ஒட்டி வருகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் வரை அது நீடிக்கும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகும் நேரமும் அதுதான். அப்போது ரத்த அழுத்தத்தின் மேல் எண் நன்றாகவே இருக்கலாம். முன்பு 110/70 இருந்தது இப்போது 100/80 என்றால், 100 போதுமே என்று தோன்றும். ஆனால் இரண்டு எண்ணுக்கும் இடையே 40 இருந்த இடைவெளி 20 ஆகச் சுருங்கிவிட்டது. இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே போனாலே, உடலில் ரத்த ஓட்டம் குறையும் அதிர்ச்சி நிலைக்குள் நோயாளி போகிறார் என்று பொருள். கை கால் சில்லென்று இருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆகிறதா, வயிறு வலிக்கிறது என்கிறாரா, திரும்பத் திரும்ப வாந்தியா, சிறுநீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எடைக்கு ஏற்ப ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லியாவது சிறுநீர் போக வேண்டும். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம், ஏறிக்கொண்டே பிளேட்லெட் இறங்கினால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். பிறகு நோயாளி தேறும் கட்டத்தில் கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் பழைய வேகத்திலேயே டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஏற்றுவதைப் போலவே நிறுத்துவதும் நேரத்துக்கு நடக்க வேண்டும். இரவு 3 மணிக்கு இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்து டாக்டரை எழுப்பிய தாதியின் பெயர் நோயாளிக்குத் தெரியாது. அவர் நான்காம் நாள் வீட்டுக்கு நடந்து போவார்.

படுக்கைப் புண்ணும் அப்படித்தான். பாடப் புத்தகம் முதல் கட்டத்தை, "அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு" என்று சொல்லித்தரும். நம்முடைய கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கருநீலமாகத் தெரியலாம், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ சதசதவென்றோ இருக்கலாம். தொட்டுப் பார்க்கும் தாதி அதை ஒரு நாள் முன்னதாகவே கண்டுபிடிப்பார். கண்ணால் மட்டும் பார்ப்பவருக்குத் தோல் உரிந்த பிறகுதான் தெரியும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பது, நேராகப் பக்கவாட்டில் அல்லாமல் 30 டிகிரி சாய்வில் தலையணை கொடுப்பது, குதிகால் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைப்பது ஆகியவை புண் வராமல் காக்கும். சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும், நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வைப்பதும் நல்லதென்று பல வீடுகளில் நம்புகிறார்கள். இரண்டும் கெடுதல்தான். தேய்த்தால் ஏற்கெனவே நைந்த தசை இன்னும் கெடும். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுப்பகுதிக்கு ரத்தம் போவதைக் குறைக்கும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ் பேசும் தாதியர் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. நீரிழிவு உள்ள வயதான பெண்மணி அவசரப் பிரிவுக்கு வந்து, "வாயுதான், நெஞ்சில் ஒரு மாதிரி அடைக்குது, சோடா குடித்தால் போய்விடும்" என்கிறார். நீரிழிவு நரம்புகளைப் பாதித்திருந்தால் மாரடைப்பில் கடும் வலி வராமலே போகலாம். வெறும் அசதி, வேர்வை, குமட்டல் என்று வரும். அவர் பேச்சைப் புரிந்துகொண்டு, முகத்தில் வேர்வையைப் பார்த்து, வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிட்டால் அந்த இதயத்தின் ஒரு பகுதி பிழைக்கும். மலாயில் இரண்டு வரி மட்டும் சொல்லத் தெரிந்த பாட்டி, காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுவே.

இனி மறுபக்கம். ஒரு பொது வார்டில் 30 கட்டில், இரவில் 3 தாதியர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒருவருக்கு 10 நோயாளிகள். அரசு மருத்துவமனை இரவு ஷிப்டு வழக்கமாக இரவு 9 முதல் காலை 7 வரை, அதாவது 600 நிமிடங்கள். இரத்த அழுத்தம், நாடி, மூச்சு, காய்ச்சல், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை 10 பேருக்கு 10 மணி, 2 மணி, 6 மணி என 3 முறை பார்க்க, ஆளுக்கு 5 நிமிடம் வீதம் 150 நிமிடம். 6 பேருக்கு ரத்தக் குழாய் வழி ஆன்டிபயோட்டிக், 2 வேளை, கலந்து சரிபார்த்துக் கொடுக்க 10 நிமிடம் வீதம் 120. படுத்த படுக்கையாக 3 பேர், 2 மணிக்கு ஒரு முறை 5 தடவை திருப்ப 75. திருப்புவதற்கு இருவர் வேண்டும் என்பதால் சக தாதியின் நோயாளிகளுக்கும் கை கொடுக்க இன்னொரு 75. மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டிய டெங்கி நோயாளி ஒருவர், 50. ஷிப்டு மாறும்போது முன்னும் பின்னும் ஒப்படைப்பு, 60. ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுத 10 நிமிடம் வீதம் 100. மொத்தம் 630 நிமிடங்கள். கையில் இருப்பதைவிட 30 நிமிடம் கூடுதல். இதில் புதிய நோயாளி ஒருவர் கூட வரவில்லை. யாருக்கும் இதயம் நிற்கவில்லை. ஒருவரும் மணியடித்துத் தண்ணீர் கேட்கவில்லை. தாதி சாப்பிடவில்லை, கழிப்பறைக்கும் போகவில்லை. சிறுநீர்ப் பாதைத் தொற்று தாதியரிடம் அடிக்கடி காணப்படுவதன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

நேரம் போதாதபோது எது விடுபடும்? டாக்டர் எழுதிய மருந்து விடுபடாது, ஏனெனில் தாளில் கட்டம் காலியாகத் தெரியும். நகத்தை அழுத்திப் பார்ப்பது விடுபடும். முதுகுத் தோலைத் தொட்டுப் பார்ப்பது விடுபடும். பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசுவது விடுபடும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அறுவை நோயாளிகளை வைத்து லிண்டா ஐக்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணால் காட்டியது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒவ்வொரு நோயாளி கூடும்போதும் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு ஏறுகிறது. கலிபோர்னியா மாநிலம் 2004 முதல் சட்டத்தாலேயே உச்ச வரம்பு வைத்திருக்கிறது. பொது வார்டில் இப்போது ஒரு தாதிக்கு 5 பேர்தான். நம் நாட்டிலும் தாதி எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பது வார்டு வாரியாக எழுதி ஒட்டப்பட வேண்டும் என்பது என் கருத்து. சுவரில் எண் இருந்தால், அது மீறப்படும் நாளில் நோயாளியின் குடும்பமே கேள்வி கேட்கும்.

வேலை நேரத்தைப் பற்றி. காலை 7 முதல் 2, பிற்பகல் 2 முதல் இரவு 9, பிறகு இரவு. வாரம் 42 மணி நேரம் என்றிருந்த ஷிப்டு ஊழியர்களின் நேரத்தைப் புதிய பொதுச் சேவை ஊதிய முறையின் கீழ் 45 ஆக்குவதாக 2024 இறுதியில் அறிவிப்பு வந்தது. தாதியர் சங்கம் எதிர்த்தது, அப்போது அது ஒத்திவைக்கப்பட்டது. வாரத்துக்கு 3 மணிதானே என்பவர்கள் ஏட்டில் இல்லாத நேரத்தையும் கூட்டிப் பார்க்கட்டும். ஒப்படைப்புக்காக அரை மணி முன்னால் வர வேண்டும். எழுதி முடிக்க அரை மணி பின்னால் போக வேண்டும். மாதம் 22 ஷிப்டில் அது 22 மணி. அதாவது சம்பளக் கணக்கில் வராத மூன்று பகல் ஷிப்டு. தனியார் மருத்துவமனைகளில் நிலைமை கொஞ்சம் தெளிவு. 2023 ஜனவரி 1 முதல் திருத்தப்பட்ட வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணியை வரம்பாக வைக்கிறது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்களுக்குச் சாதாரண நாளில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். ஒப்படைப்பு நேரமும் வேலை நேரம்தான். அதைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டால் கேட்கும் உரிமை பலவீனமாகிவிடும்.

ரோஸ்டரில், அதாவது ஷிப்டு அட்டவணையில், பெற்றோர் கவனிக்காத கண்ணி ஒன்று இருக்கிறது. மாலை ஷிப்டு முடிந்து இரவு 9 மணி, மறுநாள் காலை 7 மணிக்குத் திரும்பவும் வேலை. இடையில் 10 மணி நேரம் என்று தோன்றும். எழுதி முடித்து வார்டிலிருந்து வெளியேற 9.30. ரவாங்கிலோ செமினியிலோ வீடு என்றால் 10.30. சாப்பிட்டுக் குளித்துப் படுக்க 11.30. காலையில் 5 மணிக்கு எழுந்தாக வேண்டும். தூக்கம் ஐந்தரை மணி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டு வேலை நாளுக்கு இடையே 11 மணி நேர ஓய்வு சட்டப்படி கட்டாயம். இங்கே அதை ரோஸ்டர் போடும் சிஸ்டரின் மனசாட்சிக்கு விட்டிருக்கிறோம். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் ரோஸ்டர் உடம்புக்கு ஓரளவு ஒத்துவரும். இரவு, மாலை, காலை என்று பின்னோக்கிச் சுழன்றால் எந்த வயதுக்காரரும் தாங்க மாட்டார். கோலாலம்பூர் மருத்துவமனைக்கு 2023 மார்ச் முதல் எம்ஆர்டி நிலையம் இருப்பது பெரிய வசதி. ஆனால் முதல் ரயில் 6 மணியை ஒட்டித்தான் கிளம்புகிறது என்பதால், தூரத்தில் இருப்பவர்கள் காலை ஷிப்டுக்கு இன்னும் மோட்டாரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இரவு வேலையின் பாதிப்பை மறைப்பதற்கில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிப்டு வேலையைப் "பெரும்பாலும் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்" என்ற 2ஏ பிரிவில் 2007இல் வைத்தது, 2019இலும் அதை உறுதிசெய்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்த வேலையைச் செய்பவர் தூக்கத்தை மருந்து போல அளந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். இரவுக்குப் போகும் முன் பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் படுக்கலாம். நள்ளிரவுக்குப் பிறகு நாசி லெமாக் போன்ற கனமான உணவு வேண்டாம். கடைசி காப்பியோ தேநீரோ படுப்பதற்கு 6 மணி நேரத்துக்கு முன்னால், அதாவது காலை 9 மணிக்குப் படுப்பவருக்கு அதிகாலை 3 மணியோடு நிறுத்தம். அறை இருட்டாக இருக்க வேண்டும். மூன்றாவது இரவு முடிந்த காலையில் மோட்டார் ஓட்ட வேண்டாம், யாராவது வந்து அழைத்துப் போங்கள். வீட்டார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது. இரவு வேலை முடித்து வந்த மருமகள் பகலில் தூங்குவதைக் குறை சொல்லாமல் இருப்பது அதற்கு அடுத்தது.

ஊசிக் குத்து பற்றி ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனெனில் பயந்துபோன இளம் தாதி முதலில் வீட்டுக்குத்தான் போன் செய்வார். குத்துப்பட்டால் அந்த இடத்தைப் பிசைந்து ரத்தம் எடுக்கக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி, பாரத்தை நிரப்ப வேண்டும். ஊசி யாருக்குப் போட்டதோ அந்த நோயாளியின் ரத்தமும் குத்துப்பட்டவரின் ரத்தமும் பரிசோதனைக்குப் போகும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையானால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறப்பு, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். பலருக்கு எச்ஐவி பயம்தான் பெரிது. அதில் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ 30 விழுக்காடு வரை போகும். ஆகவே, வார்டில் கால் வைக்கும் முன் 0, 1, 6ஆம் மாதம் என மூன்று ஊசியும் போட்டு, கடைசி ஊசிக்கு 1 முதல் 2 மாதத்துக்குள் எதிர்ப்புச் சக்தி 10 யூனிட்டுக்கு மேல் வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். மூன்று ஊசி போட்டும் சிலருக்கு ஏறாது, அவர்களுக்கு மறுபடி போட வேண்டும். குத்து நடப்பது பெரும்பாலும் ஊசி போடும்போது இல்லை. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடும்போதும், முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிய மஞ்சள் பெட்டிக்குள் இன்னொன்றைத் திணிக்கும்போதும் நடக்கிறது. மூடியே போடாமல், ஊசி போட்ட இடத்துக்கே பெட்டியைக் கொண்டுபோனால் பாதி ஆபத்து தீர்ந்தது.

முதுகுவலி இதைவிடப் பரவலானது, பேசப்படுவது குறைவு. 80 கிலோ நோயாளியைக் கட்டிலில் மேலே இழுக்கும்போது கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ள ஆகும் 15 விநாடியை மிச்சப்படுத்தப் போய், வட்டெலும்பு நழுவி வருடக்கணக்கில் அவதிப்படுபவர்கள் உண்டு. வழுக்குத் துணி, இரண்டு ஆள், மடங்கிய முழங்கால் வேண்டும். வார்டில் வழுக்குத் துணி இருக்கிறதா என்பதை வேலைக்கான நேர்முகத் தேர்விலேயே கேட்கலாம், தவறே இல்லை.

வாசகர்களில் பெரும்பாலோர் தாதியைச் சந்திப்பது நோயாளியின் உறவினராகத்தான் என்பதால் மருந்து நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிட்னி மருத்துவமனைகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வொன்று, மருந்து கொடுக்கும்போது நேரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறுகள் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுவதைக் கண்டது. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 10 மில்லியில் 1 கிராம், அதாவது 13.4 மில்லிமோல். டிரிப்பில் நன்றாகக் கலந்து, மணிக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டியது. நேராக ரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கு அது சுத்த நீர் ஆம்பூலைப் போலவே இருக்கும். அதனால்தான் இரண்டு தாதியர் தனித்தனியாகப் படித்துச் சரிபார்க்கிறார்கள். அந்த நேரத்தில் "மிஸ்ஸி, டாக்டர் எப்போ வருவார்?" என்று கேட்காதீர்கள், அவர் பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். டிரிப் மெதுவாக ஓடுகிறது என்று நீங்களே திருகி விடாதீர்கள். 500 மில்லி 4 மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் 20 துளிக்கு 1 மில்லி தரும் குழாயில் நிமிடத்துக்கு 42 துளி. அது யோசித்து வைத்த கணக்கு. இன்சுலின் போட்ட பிறகு "மருத்துவமனைச் சாப்பாடு பிடிக்கவில்லை, வெளியில் வாங்கி வருகிறேன்" என்று கிளம்புவதும் ஆபத்து. வேகமாக வேலை செய்யும் இன்சுலின் 15 நிமிடத்திலேயே சர்க்கரையை இறக்கத் தொடங்கும். ஜாலான் ஈப்போ நெரிசலில் தோசை வந்து சேர்வதற்குள் நோயாளிக்கு வேர்த்துக் கை நடுங்கும். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிட்டால், நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். விரதம் இருப்பவர்களும், நாட்டு மருந்து சாப்பிடுபவர்களும் அதைத் தாதியிடம் சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

ஆள்பற்றாக்குறையைப் பேசும்போது சிங்கப்பூரைப் பேசாமல் இருக்க முடியாது. அங்கே பொதுத் துறைத் தாதியருக்கு 20 ஆண்டில் 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை ஊக்கத்தொகை தரும் திட்டத்தை 2024இல் அறிவித்தார்கள். வெளிநாட்டுத் தாதியருக்கும் வேறு அளவில் தொகை உண்டு. நம் பிள்ளைகள் போவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். போவதற்கு முன் இங்கே இரண்டு மூன்று ஆண்டு பொது வார்டில் கை பழகி, பிறகு சிறுநீரகம், தீவிர சிகிச்சை, அறுவைக் கூடம், பச்சிளம் குழந்தை என ஏதாவது ஒன்றில் போஸ்ட் பேசிக் எனும் சிறப்புப் பயிற்சி முடித்துவிட்டுப் போனால் எங்கும் மதிப்பு. பொது வார்டைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு எண்களைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வருவதில்லை.

படிப்பில் சேர்வது எப்படி என்பதைத்தான் பெற்றோர் மிகுதியாகக் கேட்கிறார்கள். டிப்ளோமா 3 ஆண்டு, பட்டம் 4 ஆண்டு. வழக்கமாகக் கேட்கப்படுவது எஸ்பிஎம்மில் மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம், இன்னும் இரண்டு பாடம் என 5 கிரெடிட், ஆங்கிலத்தில் தேர்ச்சி. நிபந்தனை அவ்வப்போது மாறுவதால் சேரும் ஆண்டில் உள்ளதை மலேசியத் தாதியர் வாரியத்திடமே உறுதி செய்துகொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது சுகாதார அமைச்சின் சொந்தப் பயிற்சிக் கல்லூரிகளை. விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையத்தின் வழி போகும். கட்டணச் சுமை இல்லை, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. நம் பிள்ளைகள் பலர் அதற்கு விண்ணப்பிக்காமலே தனியார் கல்லூரியில் பிடிபிடிஎன் எனும் அரசு உயர்கல்விக் கடனோடு சேர்ந்துவிடுகிறார்கள். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் கல்லூரிகள் பெருகி, டிப்ளோமா முடித்த ஆயிரக்கணக்கானோர் வேலையில்லாமல் கடனோடு நின்றார்கள். அது மறுபடி நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தனியாரில்தான் சேர்வதென்றால், அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரமும் தாதியர் வாரியத்தின் அங்கீகாரமும் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் போதாது, வாரியத் தேர்வு எழுதிப் பதிவு பெறாமல் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி வேலை செய்ய இயலாது. செயல்முறைப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், வாரியத் தேர்வில் சென்ற ஆண்டு எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் தேறினார்கள் என்றும் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் கல்லூரி வேண்டாம்.

மருத்துவமனையே படிக்க வைக்கிறது என்றால் ஒப்பந்தப் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, விவரம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். கட்டாயச் சேவை எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது? படிப்பு முடிந்த நாளா, வாரியப் பதிவு கிடைத்த நாளா? இடையில் பல மாதம் போகலாம். ஐந்தாண்டில் நான்கு முடித்து விலகினால் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதுமா, முழுத் தொகையுமா? மகப்பேறு விடுப்பு 98 நாளும் சேவைக் காலத்தில் சேருமா, தள்ளப்படுமா? தேர்வில் தவறினால் கடன் யார் தலையில்? ஜாமீன் கையெழுத்துப் போடுபவர் யார்? நம் குடும்பங்களில் தாய்மாமாவோ பெரியப்பாவோ படிக்காமலே ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அரசு வேலையில் சேர்பவர்கள் நியமனக் கடிதத்தில் ஓய்வூதியமா, ஊழியர் சேமநிதியா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்களுக்கான விதி, அம்மா அத்தை காலத்து விதி அல்ல.

நம் நாளிதழ்களில் போலீஸ், ராணுவ ஆள்சேர்ப்பு விளம்பரங்கள் வருவதுபோல, சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் திறக்கும் தேதியும் கடைசி நாளும் தமிழில் வருவதில்லை. விண்ணப்பக் காலமோ மிகக் குறுகியது. எஸ்பிஎம் முடிவு வெளியாகும் வாரத்தில் இருந்தே ஆணையத்தின் இணையத்தளத்தைக் கவனித்து, அறிவிப்பு வந்த அன்றே முதல் பக்கத்தில் தகுதி, தேதி, விண்ணப்பிக்கும் முறை மூன்றையும் போடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாதிமைப் பயிற்றுநர்,
செந்தூல், கோலாலம்பூர்